ஒத்திவைத்த கூட்டத்துக்கு ரொறன்ரோ வரை

"பெண் தொழிலாளர்களின் சங்கம் எதுவும் சம்மேளனத்தில் இணைந்திருந்ததாகத் தெரியவில்லை."

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் கனடாவுக்குப் போனேன். நயாகரா பார்க்கப் போனேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறார்கள். அதையும் பார்த்தேன், அது வேறு கதை.

ஒரு காலத்தில் வடபகுதியில் ஒன்பது தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் நடத்தின. பஸ் தொழிலாளர், சுருட்டுத் தொழிலாளர், நகரசபைத் தொழிலாளர் என்று சங்கத்துக்கு ஒருவராக ஒன்பது பேர் செயற்குழுவில் இருந்தார்கள். அதன் வரலாற்றை இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு குழு எழுதுகிறது. குழுத் தலைவர் கபிலன் ஒரு விரிவுரையாளர், நல்ல பிள்ளை. கையெழுத்துப் பிரதியைப் பிழை பார்க்க என்னிடம் தந்தபோது ஏழாம் அத்தியாயத்தில் அந்த வரி இருந்தது.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. இருபத்திரண்டு வயதில் நான் ஒரு சோடாக் கொம்பனியில் போத்தல் கழுவினேன். பதினெட்டுப் பெண்கள் நாங்கள். உடைந்த போத்தல் கையை வெட்டாத நாள் கிடையாது. ரப்பர் கையுறை கேட்டோம், சிரித்தார்கள். சங்கம் தொடங்கினோம், சம்மேளனத்தில் சேர விண்ணப்பித்தோம். விண்ணப்பத்தை எழுதியதே நான்தான். "சேர்த்தாச்சு, தைரியமா நில்லுங்கோ" என்று வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் சம்மேளனச் செயலாளரே கொம்பனி வாசலில் வந்து சொன்னார். அந்தச் சொல்லை நம்பி முப்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கையுறையும் கிடைக்கவில்லை. பதினெட்டுப் பேரில் இன்று உயிரோடு இருப்பது ஏழு பேர். அந்த ஏழு பேரையும் "தெரியவில்லை" என்று எழுதினால் விடுவேனா?

"ஆவணம் இல்லாமல் ஒரு வரியும் போடேலாது, அக்கா" என்றார் கபிலன். "கடைசிக் கூட்டக் குறிப்பேடு கிடைச்சால் மாத்துவம். புத்தகம் அச்சுக்குப் போக முந்திக் கிடைக்கோணும்."

குறிப்பேடு அந்தச் செயலாளரிடம்தான் இருந்தது. சிவபாலன் அண்ணை. எண்பத்துநான்கு வயது, ரொறன்ரோவில் இருக்கிறார். அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி இரண்டு வருடமாகத் தொலைபேசியில் கெஞ்சினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "சங்கப் புத்தகம் ரெலிபோனுக்குள்ளாலை போற சாமான் இல்லை, தங்கச்சி." கடைசியில் என் பெறாமகள் வதனி, "சித்தி, நான் ரிக்கெற் போடுறன், நீங்களே வந்து வாங்குங்கோவன்" என்றாள். பத்து நாள் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை வந்து இறங்கினேன். கார்த்திகை மாதக் குளிர். விமான நிலைய வாசலிலேயே வதனி ஒரு கம்பளிக் கையுறைச் சோடியைத் தந்து, "துலைச்சுப் போடாதேங்கோ" என்றாள். அஜின்கோர்ட்டில் அவளுடைய வீடு. குளிர்பெட்டியில் ஆறு மாதத்துக்கான இடியப்பம் கல்லாகக் கிடக்கிறது. சூடாக்கி வைத்தாள். பசியில் ருசியாகத்தான் இருந்தது, ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பத்து ரூபாய் குறைத்துப் பேசி வாங்கும் இடியப்பத்தின் மணம் அதில் இல்லை.

சாப்பாட்டுக்கு இடையிலேயே அவள் திட்டம் போட்டுவிட்டாள். நகைக்கடை, மோல், நயாகரா.

"முதல்ல சென் ஜேம்ஸ் ரவுண்" என்றேன்.

"ஐயோ சித்தி, அங்க பார்க்கிங் இல்லை. நாளைக்கு எனக்கு டபுள் ஷிப்ற் வேற. சப்வேயில போவீங்களோ?"

போவேன் என்றேன். வாய்க்கொழுப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தக் கட்டடத்தின் கீழ் நின்றேன். சுற்றிவர வானத்தை மறைத்துக்கொண்டு மாடிகள். அகதியாய் வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முதலில் படுத்தெழும்பிய இடம் இதுதான் என்று வதனி சொல்லியிருந்தாள். பிறகு எல்லோரும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சிவபாலன் அண்ணை மட்டும் அசையவில்லை. மூன்று லிஃப்ற்றில் ஒன்றுதான் ஓடியது. இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நின்று பதினேழாம் மாடிக்குப் போனேன்.

அண்ணை கோட் போட்டு, தலை வாரி, எனக்காகக் காத்திருந்தார். மேசையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் இருந்தன. நடுவில் பொலித்தீனில் சுற்றிய நீலமட்டைக் குறிப்பேடு. வன்னி, கொழும்பு, பாங்கொக் என்று எல்லா இடமும் அதைக் கொண்டு திரிந்ததாகச் சொன்னார். கலியாணப் படத்தைக்கூட விட்டுவிட்டு வந்தவர் இதைக் கைவிடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை பொங்கியது. மூன்று நிமிடம்தான் பொங்கியது.

"தாங்கோ அண்ணை, அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பாப்பம்."

அவர் குறிப்பேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "காட்டேலாது, தங்கச்சி. கடைசிக் கூட்ட அறிக்கை இன்னும் உறுதிப்படுத்தப்படேல்லை. உறுதிப்படுத்தாத அறிக்கையை உறுப்பினருக்குத்தான் காட்டலாம். வெளியாளுக்குக் காட்டேலாது."

"நான் உறுப்பினர்தானே? நீங்கள்தானே வாசல்ல வந்து சேர்த்தாச்சு எண்டு சொன்னனீங்கள்?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். "நீங்கள் உறுப்பினரோ இல்லையோ எண்டது இந்தப் புத்தகத்திலதான் இருக்கு."

"அப்ப பாப்பம்."

"பாக்கிறதுக்கு நீங்கள் உறுப்பினரா இருக்கோணுமே."

ஒன்பதாயிரம் மைல் கடந்து வந்து, பதினேழாம் மாடியில் ஒரு பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்பார்கள். இங்கே சாமியும் அவரே, பூசாரியும் அவரே. பறித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் லிஃப்ற் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

வழி ஒன்று இருப்பதாக அவரே சொன்னார். செயற்குழுக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கூடி, போன அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தினால் அது ஆவணம், பிறகு யாரும் பார்க்கலாம். கூட்டம் நடக்கக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதுதான் நடப்பெண். ஒன்பது பேரில் உயிரோடிருப்பவர்கள் சரியாக மூன்று பேர். மூவரும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

"பிறகென்ன? போன் எடுத்துக் கூப்பிடுங்கோ. பின்னேரமே கூடுவம்."

"ஏழு முழு நாள் எழுத்து அறிவித்தல் குடுக்கோணும்" என்றார். சம்மேளனத்தின் யாப்பு முழுவதும் அவருக்கு மனப்பாடம். பிரிவுகளைத் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டு போனார். மூன்று கூட்டங்களுக்கு அறிவிக்காமல் வராதவர் உறுப்புரிமை இழப்பார், அப்படி இப்படி என்று. நான் விரல்விட்டு எண்ணினேன். அடுத்த ஞாயிறு எனக்கு விமானம். சனிக்கிழமை கூடுவதென்றால், ஏழு முழு நாளுக்கு, இன்றைக்கே அறிவித்தல் எல்லோர் கையிலும் கிடைத்தாக வேண்டும்.

"தபாலில போட்டால் திங்கள்தான் சேரும்" என்றார் அண்ணை, ஏதோ வானிலை சொல்வது போல. "ஆராவது கையில கொண்டு போகோணும்."

அந்த ஆராவது யாரென்று சொல்லத் தேவையில்லை. மேசை லாச்சியிலிருந்து காபன் தாள் எடுத்து வைத்து, அழுத்தி அழுத்தி மூன்று பிரதி எழுதினார். இப்போதும் எங்கே காபன் தாள் கிடைக்கிறது என்று கேட்கப் பயமாக இருந்தது. ஒன்று தலைவர் அருளப்புவுக்கு, ஒன்று மற்ற உறுப்பினர் துரைசிங்கத்துக்கு. மூன்றாவதை என்னிடம் நீட்டி, "இதை எனக்குத் தாங்கோ" என்றார். கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.

அருளப்பு அண்ணை றிச்மண்ட் ஹில்லில் மகன் வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் இருக்கமாட்டார், பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலில் பார்க்கலாம் என்று சிவபாலன் அண்ணை சொல்லி அனுப்பியிருந்தார். அருளப்பு அண்ணை தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், போதாக்குறைக்குப் பழைய இடதுசாரி. அவருக்குப் பிள்ளையாரிடம் என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே சப்வேயில் ஏறினேன்.

பாதி வழியில் ரயில் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ முனகியது. எல்லோரும் ஒரு சத்தமும் போடாமல் இறங்கிப் படியேறி, தெருவில் நின்ற பஸ்களில் ஏறினார்கள். ஊரில் என்றால் இந்நேரம் சாரதியின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். இங்கே ஒருவரையொருவர் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனித்தேன். இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் என்ற ஒரு பிறவியே கிடையாது. எங்கள் சம்மேளனத்தில் ஆகப் பெரிய சங்கம் கண்டக்டர்மாரின் சங்கம்தான். அந்த இடத்தில் இங்கே ஒரு பெட்டி நின்று 'கிணுங்' என்கிறது.

எனக்குப் பக்கத்தில் சீருடையுடன் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஆங்கிலத்தில் சொன்னது இது: "எனக்கு மூன்று இடத்தில் வேலை. மூன்று இடத்திலும் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவள்." மற்றவள் சிரித்துவிட்டு, "எனக்கு இரண்டே இரண்டுதான். நான் சோம்பேறி" என்றாள்.

அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கினேன். இறங்கி நடந்த பிறகுதான் இடதுகைக் கையுறை பஸ்ஸோடு போய்விட்டது தெரிந்தது. அந்தப் பகுதியில் நடைபாதையில் நடந்த ஒரே மனிதப் பிறவி நான்தான். கார்கள் எல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போயின.

கோயில் உணவகத்தில் அருளப்பு அண்ணை தோசையும் உளுந்து வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சக்கரம் பூட்டிய நடைவண்டி. கேட்காமலே விளக்கம் சொன்னார்.

"மோனும் மருமோளும் வேலைக்குப் போனால் வீட்டில கதைக்க ஒரு குருவியும் இல்லை, பிள்ளை. இஞ்சை வந்தால் சனம் இருக்கு, சாம்பார் இருக்கு. வெள்ளிக்கிழமை பிள்ளையார், ஞாயிறு யேசு. ரெண்டு பேரும் இண்டுவரைக்கும் ஒரு முறைப்பாடும் வைக்கேல்லை."

அறிவித்தலை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வருவன். ஆனா துரைசிங்கம் வரமாட்டான். அவன் இல்லாட்டி மூண்டு பேர் இல்லை. சிவபாலனும் அவனும் நாப்பது வரியமாக் கதைக்கிறேல்லை. செத்த வீட்டிலகூட ஒருத்தன் பெட்டிக்கு இந்தப் பக்கம், மற்றவன் அந்தப் பக்கம்."

எனக்கும் துரைசிங்கத்தின் முகத்தில் விழிக்க விருப்பம் இல்லை. எங்கள் விண்ணப்பம் வந்த கூட்டத்தில் சண்டை பிடித்து எழுந்து போனவர் அவர் என்று அந்தக் காலத்திலேயே கேள்விப்பட்டிருந்தோம். பெண்கள் சங்கம் பிடிக்காமல் போனார் என்றுதான் விளங்கிக்கொண்டோம். அவர் பெயரைச் சொல்லி மண் வாரித் தூற்றிய பெண்கள் எங்களுக்குள் உண்டு. நானும் தூற்றியிருக்கிறேன்.

கோயிலில் யாரோ ஒரு புண்ணியவதி அஜின்கோர்ட் வரை காரில் ஏற்றிவந்தார். பின்னேரம் நாலரை மணி, இருட்டிக்கொண்டு வந்தது. துரைசிங்கத்தின் முகவரியைப் பார்த்தால் வதனி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி! காலையில் எழுந்து செருப்போடு நடந்திருந்தாலே அவரைப் பிடித்திருக்கலாம். வீட்டில் இல்லை; சந்தி டோனட் கடையில் இருப்பார் என்றார்கள். ஊர்க்காரர் நாலுபேர் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி இலங்கை அரசியலைத் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கு அப்பால், தனியாக ஒருவர் இருந்தார். ஒடிந்த தேகம். நிமிர்ந்த முதுகு.

என்னை அறிமுகப்படுத்தினேன். சோடாக் கொம்பனி என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, செயற்குழுக் கூட்டம். அடுத்த சனி. இது அறிவித்தல்."

"சிவபாலன் இருக்கிற கூட்டத்தில நான் இருக்கமாட்டன்."

"இருக்கவேண்டாம், நில்லுங்கோ. மூண்டு பேர் வேணும், அவ்வளவுதான். நான் காலமை தொடக்கம் தெருத்தெருவா அலையிறன். ஒரு கையுறையும் துலைஞ்சு போட்டுது. உங்கட சண்டையை நீங்கள் வைச்சிருங்கோ, எங்கட பக்கத்தை எங்களிட்டத் தாங்கோ."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அரசியல் மேசை அமைதியாகிவிட்டது. அவர் காபன் பிரதியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"வெளிநடப்புச் செய்தவன் தானாத் திரும்பி வரேலாது" என்றார் மெதுவாக. "கூப்பிடோணும். உவன் ஒருநாளும் கூப்பிடேல்லை."

"இதுதான் கூப்பிடுற கடுதாசி. அவரின்ர கையெழுத்துத்தான்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அறிவித்தலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கையொப்பம் மட்டும் இட்டுத் தந்தார்.

பிறகு வந்த ஒரு கிழமையைச் சொல்லி உங்களையும் அலைக்கழிக்கமாட்டேன். கபிலன் தினமும் செய்தி அனுப்பினார்: "கிடைச்சுதோ அக்கா?" புதன்கிழமை வதனியின் புருஷன் நயாகராவுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். நான் துரைசிங்கம் வருவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பொது இடம் வேண்டும், யார் வீடும் சரிவராது என்று சிவபாலன் அண்ணை கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் வதனி அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தின் சிறிய அறையைச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஒழுங்குசெய்தாள்.

சனிக்கிழமை வதனியின் புருஷன் முதலில் சிவபாலன் அண்ணையை ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்தை நெருங்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. கலியாணம் என்று நினைத்தேன். கலியாணமில்லை. மண்டபத்தைத் துப்புரவு செய்யும் பெண்கள் பதினைந்து இருபது பேர் வாசலில் வட்டமாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டைகள். ஒரு பீப்பாவுக்குள் விறகு எரிந்தது. அன்று காலைதான் வேலைநிறுத்தம் தொடங்கியதாம்.

"ஒண்டும் பிரச்சினை இல்லை, பக்கத்துக் கதவால போகலாம்" என்றார் வதனியின் புருஷன்.

சிவபாலன் அண்ணை அவரைப் பார்த்த பார்வையில் கார்க் கண்ணாடி வெடிக்காதது அதிசயம். "தம்பி, வேலைநிறுத்தக்காரரின்ர மறியல் கோட்டைத் தாண்டச் சொல்லுறியோ? என்னை?"

இறங்கி, குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்தபடி நடைபாதையில் நின்றுவிட்டார். நான் கெஞ்சினேன். உள்ளே சூடு இருக்கிறது, கதிரை இருக்கிறது, நாளை எனக்கு விமானம் என்றேன். மனிதர் அசையவில்லை. அருளப்பு அண்ணையின் மகன் அவரைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அட்டைகளைப் பார்த்து, சிவபாலன் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். நடைவண்டியின் இருக்கையில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ், கூட்டத்துக்கென்று கொண்டுவந்தது. அதை அப்படியே அந்தப் பெண்களிடம் நீட்டினார்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். நான் தலையில் கைவைத்தேன். வைத்த கை விறைத்திருந்தது. வட்டத்தில் நடந்துகொண்டிருந்த ஒருத்தி, என் வயது இருக்கும், என் வெறுங்கையைப் பார்த்தாள். தன்னுடைய பையைத் துழாவி ஒரு சோடிக் கையுறையை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, ரோல்ஸைக் கடித்தபடி மறுபடி நடக்கப் போய்விட்டாள். என்ன மொழிக்காரி என்றுகூடத் தெரியாது. கையுறை கேட்டு நாங்கள் முப்பத்தொரு நாள் வெயிலில் நின்றோம். இவள் கேட்காமலே தந்துவிட்டுப் போகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பத்தேகால் ஆயிற்று. துரைசிங்கம் வரவில்லை. பத்தரை ஆயிற்று.

"அங்கை பாருங்கோ" என்றார் அருளப்பு அண்ணை.

வட்டத்தின் மறுபக்கத்தில், கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்களோடு சேர்ந்து துரைசிங்கம் நடந்துகொண்டிருந்தார். ஒன்பதரைக்கே வந்துவிட்டாராம். வட்டம் சுற்றி எங்களிடம் வந்ததும் நின்றார். சிவபாலன் அண்ணையும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அருளப்பு அண்ணையைப் பார்த்தார்கள்.

"மூண்டு பேர்" என்றார் அருளப்பு அண்ணை. நடைவண்டியின் இருக்கையைத் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்தார். "நடப்பெண் சரி. கூட்டம் ஆரம்பம்."

"இடமாற்றம் பதியப்படுகுது" என்றார் சிவபாலன் அண்ணை. குறிப்பேட்டைப் பொலித்தீனிலிருந்து எடுத்து, மேளச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திப் போன கூட்ட அறிக்கையை வாசித்தார். அன்றைக்கும் மூன்றே பேர்தான் கூடியிருந்தார்கள். வீதிகள் பூட்டிக்கிடந்ததால் மற்றவர்கள் வரவில்லை. சந்தா, கொடி, மே தின ஊர்வலம். பிறகு அது வந்தது.

"சோடாக் கொம்பனிப் பெண்கள் சங்கத்தின் விண்ணப்பத்தை முதலில் எடுக்க வேண்டுமெனத் தோழர் துரைசிங்கம் கோரினார். நிகழ்ச்சி நிரலின்படியே எடுக்கப்படும் எனச் செயலாளர் கூறினார். தோழர் துரைசிங்கம் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தார். நடப்பெண் இன்மையால், விண்ணப்பம் எடுக்கப்படாமல், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது."

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தாள்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. எங்களுக்காக எழுந்து போனவர் துரைசிங்கம். அவர் எழுந்து போனதால்தான் மூன்று இரண்டாகி எங்கள் விண்ணப்பம் விழுந்தது. கபிலன் எழுதிய வரி சரி. நாங்கள் ஒருநாளும் சம்மேளனத்தில் இருக்கவில்லை.

"அப்ப ஏன் சேர்த்தாச்சு எண்டனீங்கள்?" என்று சிவபாலன் அண்ணையிடம் கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. மேளம் அடித்தவள் நிறுத்திவிட்டாள்.

"நீங்கள் எல்லாரும் வாசல்ல நிண்டீங்கள்" என்றார். "இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. அடுத்த கிழமை கூடிச் சேர்ப்பம் எண்டு நினைச்சன். பிறகு ஷெல்லடி, ஓட்டம். கூடவே இல்லை."

"ஏலாது எண்டிருந்தால் மூண்டாம் நாளே வேலைக்குப் போயிருப்பம். முப்பத்தொரு நாள், அண்ணை! சரஸ்வதி தாலிக்கொடியை அடகு வைச்சுப் பிள்ளையளுக்குச் சோறு குடுத்தவள். பின்னால ஆக்கள் வருகினம் எண்டு ஒவ்வொருநாளும் ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டம்."

துரைசிங்கம்தான் வாய் திறந்தார். "தலைவர், போன அறிக்கை சரி, உறுதிப்படுத்துவம். இது ஒத்திவைச்ச கூட்டம். எடுக்காத விசயம் இன்னும் நிகழ்ச்சி நிரல்ல இருக்கு. பெண்கள் சங்கத்தைச் சேர்க்கும்படி பிரேரிக்கிறன்."

"ஆமோதிக்கிறன்" என்றார் சிவபாலன் அண்ணை. நாற்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். ஏகமனதாக நிறைவேறியது. குறிப்பேட்டில் எழுதினார். யாப்பின்படி எங்கள் சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி, அது நான் என்றும் எழுதினார். பிறகு, வழக்கம்போல, "வேறு விடயங்கள்?" என்று கேட்டார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

"ஒரு கண்டனத் தீர்மானம்" என்றேன். "பதினெட்டுப் பெண்களுக்குப் பொய் சொல்லித் தெருவில் நிற்க விட்டதற்காக இந்தச் சம்மேளனம் தன் செயலாளரைக் கண்டிக்கிறது."

பீப்பாவில் விறகு வெடித்தது. அருளப்பு அண்ணை தொண்டையைச் செருமினார். "ஆமோதிக்கிறது ஆர்?"

துரைசிங்கம் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது, அவருக்கு அது தெரியும். தீர்மானம் விழப்போகிறது என்று நினைத்தேன். சிவபாலன் அண்ணை குனிந்து, நான் சொன்னதைச் சொல் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"ஆமோதிக்கிறன்."

தன் பெயரைத் தானே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். அந்தப் பக்கங்களின் படம் என் தொலைபேசியில் இருந்தது. படம் எடுக்கவிட்டதே அவர் செய்த பெரிய தியாகம். ஊரில் கபிலன் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, போன கூட்டம் சரி. ஆனா இந்த ரொறன்ரோக் கூட்ட அறிக்கை இன்னும் உறுதிப்படுத்தப்படேல்லையே" என்றார். நான் பார்த்த பார்வையில் ஏழாம் அத்தியாயத்தை மாற்றினார். அதில் இப்போது நடந்தது நடந்தபடி இருக்கிறது, பொய்யும் கண்டனமும் நடைபாதையும் உட்பட. உயிரோடிருக்கும் மற்ற ஆறு பேருக்கும் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினேன். சரஸ்வதி திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னாள்.

போன கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. கனடா முத்திரை. "தோழர் பவளராணி, செயற்குழு உறுப்பினர்" என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே காபன் பிரதி. சென்ற கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்த, துரைசிங்கம் இருந்த அதே டோனட் கடையில், ஏழு முழு நாள் அறிவித்தலுடன் கூட்டம். தேதியைப் பார்த்தேன். கடிதம் என் கைக்கு வந்தபோது கூட்டம் முடிந்து பன்னிரண்டு நாள்.

பல்லைக் கடித்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடித்துவிட்டு, ஒரு தாள் எடுத்து, வர இயலாமைக்கு வருந்திக் கடிதம் எழுதி, அன்றைய தபாலிலேயே சேர்த்தேன். மூன்று கூட்டங்களுக்கு அறிவிக்காமல் இருந்தால் பெயரை வெட்டிவிடுவார் அந்த மனிதர்.